கொலை மிரட்டலுக்கு மட்டை சொன்ன பதில்!

கறுப்பு வீரர் ஹாங்க் ஆரோனின் கதை

1973-ம் ஆண்டு. அமெரிக்காவில் அட்லாண்டா நகரம்.

அங்கே ஒரு பந்தாட்ட வீரருக்குக் கடிதங்கள் வந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல. மூட்டை மூட்டையாக வந்தன!

அந்த ஒரே வருடத்தில் அவருக்கு வந்த கடிதங்கள் ஏறத்தாழ 9 லட்சத்து 30 ஆயிரம். அரசியல் தலைவர்களைத் தவிர, அந்த ஆண்டு அமெரிக்காவில் வேறு யாருக்கும் இவ்வளவு கடிதங்கள் வரவில்லை. தபால் இலாகாவே அவரைப் பாராட்டிப் பட்டயம் கொடுத்தது.

ஆனால் அந்த வீரர் சிரிக்கவில்லை.

காரணம், எல்லாமே வாழ்த்துக் கடிதங்கள் அல்ல. ஏராளமான கடிதங்களில் வசை இருந்தது. சிலவற்றில் கொலை மிரட்டல் இருந்தது. ஆட்டத்தை விட்டுவிடு, இல்லாவிட்டால் சுட்டுவிடுவோம் என்று பெயர் போடாமல் எழுதினார்கள். உன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவோம் என்றும் எழுதினார்கள்.

அப்படி அவர் செய்த குற்றம் என்ன?

அவர் பந்தை நன்றாக அடித்தார். அவர் தோல் கறுப்பாக இருந்தது. இவ்வளவுதான் குற்றம்!

அவர் பெயர் ஹாங்க் ஆரோன். முழுப் பெயர் ஹென்றி லூயிஸ் ஆரோன். "பேஸ்பால்" என்னும் ஆட்டத்தில் தலைசிறந்த அடிகாரர்களில் ஒருவர். அவருடைய கதையைக் கேளுங்கள்.

இது என்ன ஆட்டம்?

முதலில் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

கிரிக்கெட்டைப் போல இதிலும் மட்டை உண்டு, பந்து உண்டு. ஆனால் மட்டை தட்டையாக இராது. உலக்கை போல உருண்டையாக இருக்கும். பந்து தரையில் குத்தி எழும்பாது. எறிகிறவர் கையிலிருந்து நேராகப் பாய்ந்து வரும்.

எறிகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் நடுவே சுமார் 60 அடி தூரம். வேகமான பந்து மணிக்கு 90 மைல் வேகத்துக்கு மேல் வரும். கையை விட்டு மட்டைக்கு வந்து சேர அரை வினாடிகூட ஆகாது. கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் பந்தைப் பார்க்க வேண்டும். அடிப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். மட்டையை வீச வேண்டும்!

மைதானத்தில் சதுரமாக நான்கு மூலைகள். ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 90 அடி. பந்தை அடித்தவர் மூன்று மூலைகளையும் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ஓட்டம்.

அடித்த பந்து வேலியைத் தாண்டிப் பறந்துவிட்டால்? அதைத் தடுக்க யாரும் இல்லை. அடித்தவர் நிதானமாக மைதானத்தைச் சுற்றி வரலாம். இதற்கு "ஹோம் ரன்" என்று பெயர். கிரிக்கெட்டின் சிக்சர் போன்றது. ஆனால் சிக்சரைவிட அரிது. பத்துத் தடவை மட்டை பிடித்து, மூன்று தடவை நல்ல அடி அடித்தாலே அவரை வல்லவர் என்று கொண்டாடுவார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒரு மன்னர் இருந்தார். அவர் பெயர் பேப் ரூத். வெள்ளைக்காரர். அவர் அடித்த ஹோம் ரன்கள் 714. அவர் 1935-ல் ஆட்டத்தை விட்டார், 1948-ல் இறந்தார். அவரை அமெரிக்க மக்கள் தெய்வம் போல் கொண்டாடினார்கள். 714 என்ற எண்ணை யாராலும் தாண்ட முடியாது என்று நம்பினார்கள்.

1973-ல் ஒரு கறுப்பர் அந்த எண்ணை நெருங்கிவிட்டார். அதுதான் பலருக்குப் பொறுக்கவில்லை.

சோடா மூடியும் துடைப்பக் கட்டையும்

ஆரோன் பிறந்தது 1934-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி. ஊர், அலபாமா மாநிலத்தில் உள்ள மொபீல். கடற்கரைப் பட்டினம்.

தகப்பனார் ஹெர்பர்ட், கப்பல் பட்டறையில் கூலி வேலை பார்த்தார். தாயார் எஸ்டெல்லா. பிள்ளைகள் எட்டுப் பேர். கிடைத்த பழைய பலகைகளைக் கொண்டு தகப்பனார் தாமே ஒரு வீடு கட்டினார். சிறிய வீடு. ஆனாலும் சொந்த வீடு.

பையனுக்குப் பந்தாட்டத்தில் உயிர். ஆனால் பந்து வாங்கக் காசு இல்லை. மட்டை வாங்கவும் வழி இல்லை. துடைப்பக் கட்டைதான் மட்டை! சோடாப் புட்டியின் மூடிதான் பந்து! காற்றில் வளைந்து நெளிந்து வரும் மூடியைக் கட்டையால் அடிப்பான். அதை அடிக்கப் பழகிய கண்ணுக்கும் கைக்கும் பிற்காலத்தில் பந்து பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாததால், பையன் மட்டையைத் தாறுமாறாகப் பிடித்தான். வலது கை மேலே இருக்க வேண்டும். அவனோ இடது கையை மேலே வைத்துப் பிடித்தான். அப்படிப் பிடித்தும் வெளுத்து வாங்கினான்!

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பருக்கு எல்லாம் தனி. பள்ளிக்கூடம் தனி. பஸ்ஸில் உட்காரும் இடம் தனி. தண்ணீர்க் குழாய்கூடத் தனி.

ஒரு நாள் வானத்தில் விமானம் பறந்தது. பெரியவன் ஆனதும் விமானம் ஓட்டுவேன் என்றான் பையன். கறுப்பரில் விமானி யாரும் கிடையாதே என்றார் தகப்பனார். அப்படியானால் பந்தாட்ட வீரன் ஆவேன் என்றான் பையன். பெரிய அணிகளில் கறுப்பு ஆட்டக்காரரும் கிடையாதே என்றார் தகப்பனார்.

அவர் சொன்னது உண்மை. பல ஆண்டுகளாகப் பெரிய அணிகள் கறுப்பரைச் சேர்ப்பதில்லை. கறுப்பருக்கென்று தனி அணிகள் இருந்தன.

1947-ல் அந்தப் பூட்டு உடைந்தது. ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பு வீரர், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பெரிய அணியில் சேர்ந்தார். மறு ஆண்டு அவர் மொபீல் நகருக்கு வந்து பேசினார். ஆரோனுக்கு அப்போது 14 வயது. பள்ளிக்குப் போகாமல், அவர் பேச்சைக் கேட்க ஓடினான்.

பந்தாட்ட வீரன் ஆவேன் என்று அன்று முடிவு செய்தான். அந்த முடிவை மாற்றவே இல்லை.

இரண்டு டாலர், இரண்டு ரொட்டி

1952-ல் ஆரோனுக்கு வயது 18. "இண்டியானாபலிஸ் கிளவுன்ஸ்" என்ற கறுப்பர் அணியிலிருந்து அழைப்பு வந்தது. மாதம் 200 டாலர் சம்பளம்.

ரயிலுக்குப் புறப்பட்டான் மகன். வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வரத் தாயாருக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே கறி வைத்துப் பொட்டலம் கட்டினார். சட்டைப் பையில் இரண்டு டாலர் வைத்தார். மகன் போவதை வாசலில் நின்று பார்த்தார்.

அந்தத் தாயாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் மறுபடியும் வருவார்.

கறுப்பர் அணியின் வாழ்க்கை சுகமானதல்ல. பஸ்ஸிலேயே பிரயாணம், பஸ்ஸிலேயே தூக்கம். ஒருமுறை தலைநகரமான வாஷிங்டனுக்குப் போனார்கள். மழையால் ஆட்டம் நின்றது. மைதானத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டலில் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சமையல் அறையில் "சடார், சடார்" என்று சத்தம் கேட்டது. என்ன அது?

கறுப்பர் சாப்பிட்ட தட்டுகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள்!

கழுவினால் போதும் என்று நினைக்கவில்லை. உடைத்தே விட்டார்கள். நாய் தின்ற தட்டாக இருந்தால்கூடக் கழுவி வைத்திருப்பார்களே என்று ஆரோன் பிற்காலத்தில் மனம் நொந்து சொன்னார். அந்தச் சத்தம் சாகும்வரை அவர் காதை விட்டுப் போகவில்லை.

50 டாலர் செய்த வேலை

கட்டையாலும் மூடியாலும் பழகிய பையனின் திறமை விரைவில் வெளியே தெரிந்தது. பெரிய அணிகளின் ஆட்கள் தேடி வந்தார்கள். பிடியை மாற்றி, வலது கையை மேலே வைக்கச் சொன்னார்கள். மாற்றினார். பந்து முன்னைவிட வேகமாகப் பறந்தது!

இரண்டு அணிகள் போட்டி போட்டன. ஒன்று நியூயார்க் ஜயண்ட்ஸ். இன்னொன்று பிரேவ்ஸ். பிரேவ்ஸ் மாதத்துக்கு 50 டாலர் கூடுதலாகத் தருவதாகச் சொன்னது. ஆரோன் அங்கே போனார். கிளவுன்ஸ் அணிக்கு பிரேவ்ஸ் கொடுத்த தொகை 10 ஆயிரம் டாலர்.

பெரிய அணியில் ஆடும் முன்பு சிறிய அணிகளில் பயிற்சி பெற வேண்டும். 1953-ல் அவரை ஜாக்சன்வில் நகர அணிக்கு அனுப்பினார்கள். அது தென்பகுதியில் உள்ள ஊர். அந்த லீக்கில் அதுவரை கறுப்பர் ஆடியதே இல்லை. முதன்முதலாகப் போன கறுப்பர்களில் ஆரோனும் ஒருவர்.

ஊருக்கு ஊர் ஏச்சு! ஊருக்கு ஊர் பேச்சு! வெள்ளை ஆட்டக்காரர்கள் ஓட்டலில் தங்குவார்கள். ஆரோனும் கறுப்புத் தோழர்களும் கறுப்பர் குடியிருப்பில் யாராவது ஒருவர் வீட்டில் தங்க வேண்டும். வெள்ளையர் ஓட்டலுக்குள் போய்ச் சாப்பிடுவார்கள். கறுப்பர் பஸ்ஸிலேயே காத்திருக்க வேண்டும்.

ஆரோன் சண்டைக்குப் போனாரா? இல்லை. திட்டினாரா? அதுவும் இல்லை.

பந்தை அடித்தார். அந்த ஆண்டு அந்த லீக்கில் யாரும் அவர் அளவுக்கு அடிக்கவில்லை. சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு அவருக்கே கிடைத்தது. ஏசிய வாய்களே கை தட்டும்படி ஆயிற்று.

ஒரே நாளில் இரண்டு காட்சிகள்

1954-ம் ஆண்டு. பிரேவ்ஸ் அணி அப்போது மில்வாக்கி நகரில் இருந்தது. அணியில் பாபி தாம்சன் என்ற பெரிய ஆட்டக்காரருக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. அந்த இடம் 20 வயது ஆரோனுக்குக் கிடைத்தது. அவ்வளவுதான்! பிறகு அவரை அந்த இடத்திலிருந்து அசைக்க முடியவில்லை.

1957-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந் தேதி. முக்கியமான ஆட்டம். கடைசிவரை இரு தரப்பும் சமம். கூடுதல் நேர ஆட்டத்தில் ஆரோன் ஒரு ஹோம் ரன் அடித்தார். மில்வாக்கி வெற்றி பெற்றது! வெள்ளைத் தோழர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அதே நாள். அதே அமெரிக்கா. லிட்டில் ராக் என்ற நகரில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே 9 கறுப்பு மாணவர்கள் படிக்கப் போனார்கள். வெளியே வெள்ளையர் கூட்டம் கூடிக் கலகம் செய்தது. அந்தப் பிள்ளைகளைப் பாதியிலேயே வெளியே அழைத்துப் போக நேர்ந்தது.

ஓர் ஊரில் கறுப்பரைத் தோளில் தூக்கினார்கள். இன்னோர் ஊரில் கறுப்புப் பிள்ளைகளைப் படிக்க விடாமல் துரத்தினார்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்தன!

அந்த ஆண்டு ஆரோன் 44 ஹோம் ரன்கள் அடித்தார். அவர் சட்டையின் எண்ணும் 44! உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் அவர் அணி நியூயார்க் யாங்கீஸ் அணியை வென்றது. லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டம் ஆரோனுக்குக் கிடைத்தது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்

ஆரோனுக்கு ஒரு குணம். ஆரவாரம் செய்ய மாட்டார். தம்மைப் பற்றித் தாமே பேச மாட்டார். வருவார், அடிப்பார், போவார்.

ஆள் மலை போன்றவரும் அல்ல. ஆறடி உயரம். நடுத்தர உடம்பு. பலம் எல்லாம் மணிக்கட்டில் இருந்தது. பந்து அருகே வரும்வரை காத்திருப்பார். கடைசி நொடியில் மணிக்கட்டைச் சுண்டுவார். பந்து பறந்துவிடும்!

ஒரே ஆண்டில் 60 ஹோம் ரன் அடித்தவர்கள் உண்டு. ஆரோன் ஒரு வருடமும் 50-ஐத் தொட்டதில்லை. அவருடைய அதிக அளவு 1971-ல் அடித்த 47 தான். ஆனால் வேறு ஒன்று செய்தார். 1955 முதல் 1974 வரை 20 ஆண்டுகள், ஓர் ஆண்டுகூடத் தவறாமல் 20 அல்லது அதற்கு மேல் அடித்தார்.

ஓர் ஆண்டு ஓங்கி அடித்து மறு ஆண்டு ஓய்ந்து போனவர் அல்ல அவர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள் அல்லவா? அப்படித்தான் 714 என்ற கல் தேய்ந்தது.

1966-ல் பிரேவ்ஸ் அணி மில்வாக்கியை விட்டு அட்லாண்டாவுக்குப் போனது. அட்லாண்டா தென்பகுதியில் உள்ள நகரம். எந்தத் தென்பகுதியில் தம்மைப் பஸ்ஸிலேயே காக்க வைத்தார்களோ, அங்கேயே குடியிருந்து ஆட வேண்டிய நிலை ஆரோனுக்கு வந்தது.

பக்கத்தில் உட்காராதே!

1973-ம் ஆண்டு ஆட்டக் காலம் முடிந்தபோது ஆரோனின் கணக்கு 713. ரூத்தை எட்ட இன்னும் ஒன்று. தாண்ட இன்னும் இரண்டு.

அடுத்த ஆட்டத்துக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் அவருக்கு நெருப்பின் மேல் நடந்தது போல் இருந்தது.

மூத்த மகள் வெளியூர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கடத்தப் போவதாக மிரட்டல் வந்தது. மத்திய ரகசிய போலீசார் அவளுக்குக் காவல் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளைப் பற்றியும் கவலை. எந்தத் தகப்பன் நிம்மதியாகத் தூங்குவான்?

ஆரோனுக்குக் கால்வின் வார்ட்லா என்ற போலீஸ்காரர் மெய்க்காவலராக வந்தார். வெளியூர் போனால், ஓட்டலில் வேறு பெயரில் அறை எடுக்க வேண்டியிருந்தது. மைதானத்தில் இளம் ஆட்டக்காரர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், எழுந்து தள்ளிப் போகச் சொன்னார். தம் மேல் பாய வேண்டிய குண்டு அவர்கள் மேல் பாய்ந்துவிடக் கூடாதே என்ற பயம்!

அட்லாண்டாவில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில், ஆரோனைச் சுட்டுவிட்டால் போடுவதற்கு என்று இரங்கல் செய்தியையே எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். நிலைமை அப்படி இருந்தது.

இந்த மிரட்டல் கதை வெளியே தெரிந்தது. உடனே நல்லவர்கள் கொதித்தார்கள். ஆதரவுக் கடிதங்கள் குவிந்தன. பேப் ரூத்தின் மனைவி கிளேர், தம் கணவர் உயிரோடு இருந்தால் ஆரோனை வாழ்த்தியிருப்பார் என்று சொல்லி, வசை பாடியவர்களைக் கண்டித்தார்.

ஆரோன் விலகிக்கொண்டாரா? இல்லை. மிரட்டலுக்குப் பயந்து ஒதுங்கினால், தமக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் கதி என்ன? ஜாக்கி ராபின்சன் பயந்திருந்தால் தாம் வந்திருக்க முடியுமா? அதனால் மட்டையைக் கீழே வைக்கவில்லை.

இரவு 9 மணி 7 நிமிடம்

1974-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி. சின்சினாட்டி நகரில் புதிய ஆண்டின் முதல் ஆட்டம். ஆரோன் அன்று வீசிய முதல் வீச்சு. பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது! 714. ரூத்தைப் பிடித்துவிட்டார்.

ஏப்ரல் 8-ந் தேதி. அட்லாண்டா மைதானம். இரவு ஆட்டம். 53 ஆயிரத்து 775 பேர் கூடிவிட்டார்கள். மாநில கவர்னர் ஜிம்மி கார்ட்டரும் வந்திருந்தார். பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவர்தான். மொபீலில் இருந்து தாயாரும் தகப்பனாரும் வந்திருந்தார்கள்.

எதிர் அணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். பந்து எறிந்தவர் ஆல் டவுனிங். அவரும் கறுப்பர். அவர் சட்டை எண்ணும் 44!

நான்காவது பகுதி ஆட்டம். மணி 9. நிமிடம் 7.

டவுனிங் எறிந்தார். ஆரோன் மட்டையை வீசினார்.

பந்து எழும்பியது. இடது பக்கமாகப் பறந்தது. பிடிக்க ஓடிய வீரர் வேலிமேல் ஏறிப் பார்த்தார். முடியவில்லை. பந்து வேலியைத் தாண்டிவிட்டது!

715!

வாண வேடிக்கை வெடித்தது. 53 ஆயிரம் பேர் எழுந்து நின்று கூவினார்கள். கறுப்பர் ஒருவருக்காகத் தென்பகுதி நகரம் ஒன்று எழுந்து நின்று கை தட்டியது.

துப்பாக்கியை எடுக்காத காவலர்

ஆரோன் மைதானத்தைச் சுற்றி ஓடினார். தலையைக் குனிந்தபடி, நிதானமாக ஓடினார்.

திடீரென்று கூட்டத்திலிருந்து இரண்டு பேர் குதித்து, அவரை நோக்கி ஓடி வந்தார்கள்! இருவரும் வெள்ளையர்!

மேலே உட்கார்ந்திருந்த காவலர் வார்ட்லா திடுக்கிட்டார். அவரிடம் தூரத்தைப் பார்க்கும் கண்ணாடியின் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் இருந்தது துப்பாக்கி. எடுப்பதா, வேண்டாமா? கண நேரம்தான் அவகாசம்.

அந்த இருவரையும் உற்றுப் பார்த்தார். அவர்கள் முகத்தில் பகை இல்லை. துப்பாக்கியை எடுக்கவில்லை.

நல்ல வேளை! அவர்கள் 17 வயதுப் பையன்கள். ஆசையால் ஓடி வந்தவர்கள். ஆரோனின் முதுகில் தட்டிக்கொடுத்து, கூடவே சில அடி ஓடிவிட்டு விலகினார்கள்.

ஆரோன் சுற்றை முடித்தார். தோழர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெண்மணி புகுந்து வந்தார். தாயார் எஸ்டெல்லா!

22 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு டாலரைப் பையில் வைத்து வாசலில் நின்று அழுதவர். ஸ்டேஷனுக்கு வர மனம் வராதவர். இப்போது போலீசையும் கூட்டத்தையும் தாண்டி, மைதானத்துக்கே வந்துவிட்டார். மகனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். விடவே இல்லை.

எவ்வளவு மாதம் அந்தக் குடும்பம் பயந்து கிடந்தது! எந்த மூலையில் துப்பாக்கி இருக்கிறதோ என்ற அச்சம் அன்றும் தீரவில்லை. மகனைத் தம் உடம்பால் மறைத்துக் காப்பதுபோல அந்தத் தாய் அணைத்துக்கொண்டு நின்றார்.

அன்று எழுந்த ஆரவாரம் தமக்கு நினைவில் இல்லை, அம்மா கட்டிக்கொண்டதுதான் நினைவில் இருக்கிறது என்று ஆரோன் பிற்காலத்தில் சொன்னார்.

ஒலிபெருக்கி முன் அவரை நிறுத்தினார்கள். வெற்றி பெற்றவர் என்ன சொன்னார் தெரியுமா? எல்லாம் முடிந்ததே, அதற்காக ஆண்டவனுக்கு நன்றி என்றார்!

பார்த்தீர்களா? வாழ்நாளின் பெரிய சாதனை. அதைச் செய்து முடித்த மனிதருக்கு மகிழ்ச்சி வருவதற்கு முன்பு நிம்மதிப் பெருமூச்சு வந்தது. அவ்வளவு பாரம் அவர் நெஞ்சில் இருந்தது.

755

1975-ல் ஆரோன் மில்வாக்கிக்கே திரும்பினார். அங்கே புதிதாக ஏற்பட்ட புரூயர்ஸ் அணியில் இரண்டு ஆண்டு ஆடினார். 1976-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி கடைசி ஹோம் ரன் அடித்தார். மொத்தம் 755.

அவர் அடித்த நல்ல அடிகள் எல்லாம் சேர்ந்து 3,771. அதில் ஹோம் ரன்கள் அத்தனையையும் கழித்துவிட்டாலும் 3,016 மிஞ்சும். மூவாயிரம் அடி அடித்தாலே மாவீரர் என்பார்கள்!

அவர் தம்பி டாமியும் பெரிய அணியில் ஆடியவர். டாமி அடித்த ஹோம் ரன்கள் 13.

1982-ல் ஆரோனின் பெயர் பேஸ்பால் வீரர்களின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றது. 415 பேர் ஓட்டுப் போட்டதில் 406 பேர் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2002-ல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் அவருக்கு "சுதந்திரப் பதக்கம்" அணிவித்தார். அமெரிக்காவில் பொதுமக்களுக்குத் தரும் மிக உயர்ந்த விருது அது. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கும் பயிற்சிக்கும் உதவ, ஆரோனும் அவர் மனைவி பில்லியும் ஓர் அறநிலையம் தொடங்கினார்கள்.

33 ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த பிறகு, 2007-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி ஆரோனின் 755-ஐப் பாரி பாண்ட்ஸ் என்ற வீரர் தாண்டினார். ஊக்க மருந்து பற்றிய சர்ச்சை பாண்ட்சைச் சுற்றி இருந்தது. ஆரோனின் 755-தான் உண்மையான சாதனை என்று சொல்லுகிறவர்கள் பலர். ஆனால் ஆரோன் அந்தப் பேச்சில் இறங்கவில்லை. பாண்ட்சுக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். மைதானத்தில் அதைப் பெரிய திரையில் காட்டினார்கள்.

ரூத்தின் சாதனையை நெருங்கிய ஒரே காரணத்துக்காகக் கொலை மிரட்டல் வாங்கியவர் அவர். தம்மைத் தாண்டியவருக்கு அவர் அனுப்பியது வாழ்த்து!

பரணில் இருந்த கடிதங்கள்

அந்த வசைக் கடிதங்கள் என்ன ஆயின?

ஆரோன் அவற்றைக் கிழித்துப் போடவில்லை. எரிக்கவும் இல்லை. வீட்டுப் பரணில் வைத்திருந்தார். நடந்ததை மறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்திருந்தார். பழி வாங்குவதற்காக அல்ல.

2021-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, 86-வது வயதில், அட்லாண்டாவில் ஆரோன் உறக்கத்திலேயே உயிர் நீத்தார்.

அதன் பிறகு ஒரு செய்தி. அட்லாண்டா நகரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குப் பாரஸ்ட் என்ற பழைய தளபதியின் பெயர். அவர் யார்? கறுப்பரை அடிமைகளாக வைத்திருப்பதற்காகச் சண்டை போட்ட படையின் தளபதி. கறுப்பரை அடித்தும் கொன்றும் வந்த "கு கிளக்ஸ் கிளான்" என்ற கொடிய கூட்டத்தின் முதல் தலைவர்.

2021-ல் அந்தப் பள்ளியின் பெயரை மாற்றினார்கள். இப்போது அதன் பெயர் "ஹாங்க் ஆரோன் புதுத் தொடக்கப் பள்ளி".

ஒரு காலத்தில் கறுப்பர் சாப்பிட்ட தட்டை உடைத்தார்கள். இன்று கறுப்பர் பெயரைப் பள்ளி வாசலில் எழுதியிருக்கிறார்கள். நடுவே எத்தனையோ பேர் போராடினார்கள். எத்தனையோ பேர் உயிரைக் கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தில் ஒரு பங்கு, துடைப்பக் கட்டையால் சோடா மூடியை அடித்துப் பழகிய ஒரு பையனுடையது.

அவர் யாரையும் திருப்பி ஏசவில்லை. பந்தை அடித்தார். அதுவே பதிலாக இருந்தது.